சென்னைக்கு மூத்த ஊர்... டச்சுக்காரர்களின் தலைநகரம்... பழவேற்காடு போயிருக்கிறீர்களா?

காலை நேரத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறிப் பாருங்கள். தோளில் டிபன் பை, கழுத்தில் ஐ.டி. கார்டு என்று பெட்டியில் பலர் சிப்காட் ஷிப்டுக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். தமிழோடு இந்தியும் ஒடியாவும் காதில் விழும். எண்ணூர், அத்திப்பட்டு தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே அனல் மின் நிலையப் புகைபோக்கிகள், கன்டெய்னர் லாரிகள். மீஞ்சூருக்குப் பிறகுதான் வயலைப் பார்க்கலாம். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் சுமார் 20 கிலோமீட்டர். கருவாட்டு வாசனை வந்துவிட்டால் பழவேற்காடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஏரி, பூநாரை, நண்டு வறுவல். பழவேற்காட்டைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் இந்த மூன்றோடு முடித்துவிடுகிறோம். ஆனால், சென்னை என்ற நகரம் இன்று இருக்கும் இடத்தில் இருப்பதற்கே இந்த ஊரும் ஒரு காரணம். அந்தக் கதையை யாரும் அதிகம் சொல்வதில்லை.

1610-ல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு டச்சுக்காரர்கள் இங்கே வணிகத் தளம் அமைத்தார்கள். சாந்தோமில் இருந்த போர்த்துகீசியர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1612-ல் வந்து தாக்கிவிட்டுப் போனார்கள். இனி கோட்டை இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டியதுதான் கெல்ட்ரியா கோட்டை. நெதர்லாந்தில் உள்ள கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயர் அது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கடற்கரையில் இருந்த டச்சு வணிகம் முழுக்க இங்கிருந்துதான் நடந்தது.

நடுவில் ஆங்கிலேயர்களும் இங்கே கடைபோட வந்தார்கள். ஐரோப்பாவில் இரு தரப்பும் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தின்படி 1621-ல் பழவேற்காட்டில் அவர்களுக்கும் இடம் கிடைத்தது. கூடவே, கோட்டைக் காவல் செலவிலும் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரிதான். 1623-லேயே காலி செய்துவிட்டார்கள். பிறகு வடக்கே ஆர்மகான் என்ற இடத்தில் கொஞ்ச காலம் இருந்தார்கள். அதுவும் சரிப்படாமல் 1639-ல் பிரான்சிஸ் டே தெற்கே வந்து பிடித்த மணல்மேடுதான் மதராஸ். பழவேற்காட்டில் அவர்களுக்கு வசதியாக இருந்திருந்தால் ஜார்ஜ் கோட்டையும் தலைமைச் செயலகமும் எங்கே இருந்திருக்குமோ!

டச்சுக்காரர்கள் இந்த உப்புத் தண்ணீர் ஊரைத் தேடி வந்தது துணிக்காக. இந்தோனேசியத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க, வெள்ளிக்காசைவிட சோழமண்டலத் துணி நன்றாகச் செல்லுபடியானது. சுற்றுவட்டாரத்தில் நெய்த கட்டம் போட்ட துணி இந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறியது. 'பாளையகாட் லுங்கி' என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பாளையகாட் இந்தப் பழவேற்காடுதான். அப்பாவின் லுங்கி லேபிளில் இருந்த ஊர்ப் பெயரை இத்தனை நாள் பாலக்காடு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் என் அலுவலகத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இங்கே பாதிரியாராக 1632 முதல் 1642 வரை பணியாற்றிய ஆபிரகாம் ரொஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயம் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இறந்த பிறகு 1651-ல் அது அச்சானது. பர்த்ருஹரியின் பாடல்கள் முதன்முதலில் ஓர் ஐரோப்பிய மொழிக்குப் போனது அந்தப் புத்தகம் வழியாகத்தான்.

கோட்டையைப் பார்க்கலாம் என்று போனால் ஏமாற்றம்தான். 1795-ல் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்தார்கள். இப்போது இருப்பது மேடு, முள்காடு, அகழியின் அடையாளம். பக்கத்து மீனவர் குடியிருப்பின் பெயர் கோட்டைக்குப்பம். கோட்டையில் உருப்படியாக மிஞ்சியிருப்பது அந்தப் பெயர்தான்.

ஆனால், டச்சுக் கல்லறையைத் தவறவிடாதீர்கள். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. குழந்தைகளை அழைத்துப் போனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே 76 கல்லறைகள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. கூம்பு வடிவச் சமாதிகள், குடும்பச் சின்னங்கள், அழகான எழுத்தில் பெயரும் தேதியும். சில கற்களில் எழுத்து நேற்று செதுக்கியது போல் இருக்கிறது.

அங்கே நிற்கும்போது ஒரு விஷயத்தை யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இதே துறைமுகத்திலிருந்து துணியோடு மனிதர்களும் ஏற்றுமதி ஆனார்கள். பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் சோற்றுக்கு வழியில்லாதவர்களை, பிள்ளைகள் உட்பட, தரகர்கள் மூலம் வாங்கி பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக அனுப்பினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். வாங்கி அனுப்பியவர்களுக்குச் சின்னம் பொறித்த கல்லறை இருக்கிறது. போனவர்களுக்காக இந்த ஊரில் ஒரு பலகையாவது வைக்கலாம்.

டச்சுக்காரர்களுக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. விஜயநகரக் காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரல் அளவுச் சிற்பங்களில் ராமாயணம் இருக்கிறது. மகிமை மாதா ஆலயம் 1515-ல் போர்த்துகீசியர்கள் தொடங்கியது. அரபு நாட்டிலிருந்து வந்த வணிகர்களின் வழிவந்தவர்களாகச் சொல்லிக்கொள்ளும் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கே வாழ்கின்றன. அந்த வீட்டுப் பெண்கள் பனை ஓலையில் முடையும் கூடையும் பெட்டியும் கைக்கு அடக்கமாக, கண்ணுக்கு அழகாக இருக்கும். பேரம் பேசாமல் வாங்குங்கள்.

திருவள்ளூர் மாவட்டமே இப்படித்தான், பழசும் புதுசும் இடித்துக்கொண்டு நிற்கும் இடம். செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து 1997 ஜனவரி 1-ல் பிரிந்தது, ஆக வயதில் சின்ன மாவட்டம். ஆனால், இதே மாவட்டத்தின் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகள். பெரியபாளையத்தில் பவானி அம்மன் கோயிலை ஒட்டி வரும் ஆரணியாறு, பொன்னேரி வழியாக வந்து பழவேற்காடு ஏரியில்தான் சேருகிறது.

இந்த ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் மட்டும் நம்மிடம். மழைக்காலத்தில் ஆறுகள் நல்ல தண்ணீரைக் கொண்டுவர, கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக உப்புத் தண்ணீர் வர, இரண்டும் கலக்கும் அந்தப் பக்குவத்தில்தான் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். மீன் குஞ்சுகள் உள்ளே வர முடியாது, படகுகள் கடலுக்குப் போக முடியாது. மீனவர்கள் பல வருடங்களாகக் கேட்பது இந்த வாயைத் திறந்து வைக்க ஒரு நிரந்தர வழி.

ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை போடுவது என்பதற்குக் குப்பங்களில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல மீன் விழும் இடங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, முறை வைத்துப் போவார்கள். இன்று உங்களுக்கு நல்ல இடம் என்றால் நாளை எனக்கு. அதே ஏரியில் இருளர் மக்கள் வலையே இல்லாமல், ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள்.

தண்ணீர் குறைந்தால் இந்தப் பங்கீடும் சண்டையாகிவிடும். அதனால்தான் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் என்றதும் இந்தக் கிராமங்கள் கொதித்தன. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய மணல் திட்டு. துறைமுகம் பெருத்தால் கடல் அதை அரித்துவிடும் என்பது அவர்கள் பயம். தொழிற்சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அவர்கள் பிள்ளைகளும் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகத்தான் செய்கிறார்கள். ஏரி இருக்கும்போது அந்த வேலை கூடுதல் வருமானம். ஏரி போய்விட்டால் வேறு வழியே இருக்காது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பூநாரைகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கல்லறையை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடுங்கள். படகில் போகலாம் என்று யாராவது கூப்பிட்டால் வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போடப்பட்டது. மீன் வாங்குவதென்றால் காலையிலேயே போய்விட வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா கூப்பிடு தூரம்தான், ராக்கெட் ஏவும் நாளில் கடற்கரையில் நின்றே பார்க்கலாம். ஆனால், அன்று கடலுக்குப் போக மீனவர்களுக்கு அனுமதி இருக்காது. மீன் கடைப் பக்கம் அன்று அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.