வெள்ளி பூசிய குழாய்

எழுபதைத் தாண்டிய நாலு பேர் கூடினால், பேச்சு எப்படியும் ஆஸ்பத்திரியில்தான் போய் நிற்கிறது. அதில் அடிக்கடி அடிபடும் பெயர் கதீட்டர், அதாவது சிறுநீர் போக வைக்கும் குழாய்.

உடம்புக்குள் வைக்கும் எந்தச் சாமானும் கிருமிகளுக்குக் காலி மனை மாதிரி. ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றி வழவழவென்று ஒரு படலம் கட்டிக்கொள்ளும். அப்புறம் மருந்து அவற்றை எளிதில் எட்டாது. அதனால் முன்கூட்டியே தடுக்க, குழாயின் மேல் வெள்ளி பூசுகிறார்கள். வெள்ளியிலிருந்து கசியும் அயனிகள் கிருமியின் புரதங்களைக் கெடுக்கும். இப்போது பேசப்படுவது நானோ துகள் பூச்சு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். மஞ்சளைக் கிழங்காகப் போடுவதைவிடப் பொடித்துப் போட்டால் சீக்கிரம் இறங்குமே, அதே கணக்குதான். துகள் சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு கூடும், அயனியும் அதிகம் கசியும்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது என் அண்ணனுக்காக. பிராஸ்டேட் வீங்கி, குழாயோடு வீட்டுக்கு வந்தார். பத்தாம் நாள் நடுக்கிக்கொண்டு ஜுரம். மறுபடி அட்மிஷன். “வெள்ளி பூசினதை வாங்கியிருந்தா இது வந்திருக்காதோ, சித்தப்பா?” என்று அவர் மகன் வராந்தாவில் கலங்கி நின்றான்.

அவனுக்குப் பதில் ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் கிடைத்தது. 24 மருத்துவமனைகள், 7,000 பேருக்கு மேல். 2012-இல் லான்செட் இதழில் வெளியானது. கொஞ்ச நாளுக்கு மட்டும் குழாய் வைத்தவர்களில், வெள்ளிக் கலவை பூசிய குழாய் வைத்தவர்களுக்குத் தொற்று 12.5 சதவீதம், வெள்ளி இல்லாத குழாய்க்கு 12.6. பெரிய வித்தியாசமே இல்லை! அது நானோ பூச்சு அல்ல என்பது உண்மைதான். ஆனால் சோதனைக்கூடத் தட்டில் ஜெயிப்பது வேறு, உடம்புக்குள் ஜெயிப்பது வேறு. சிறுநீரிலுள்ள புரதமும் உப்பும் எந்தப் பூச்சின் மேலும் படியத்தான் செய்யும்.

படித்துக் காட்டியதும் பையன் முகம் தெளிந்தது. அண்ணனும் ஆபரேஷன் முடிந்து, குழாய் எடுத்து, இப்போது நடமாடுகிறார்.

குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் கிருமி சேரும் வாய்ப்பு உண்டு என்கிறார்கள். ஆகவே தொடுமுன் கை கழுவுங்கள். பை இடுப்புக்குக் கீழேயே தொங்கட்டும், தரையில் படவேண்டாம். நீங்களாக இழுத்து எடுக்காதீர்கள். ஆனால் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: “இது இன்னும் வேணுமா, எப்போ எடுக்கலாம் சார்?”