ஓசையும் சந்தேகமும்

முழங்கால் வலி வந்தபின் கிளச்சை மிதிக்க இயலாமற்போன நமக்கு, கியர் மாற்றும் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் கார் ஒன்று தேவைப்பட்டது. கூத்தாநல்லூரில் இருக்கும் மச்சான், அதாவது நம் துணைவியாரின் தமையனார், வளைகுடாவிலிருந்து திரும்பியபின் வாங்கி ஓட்டிய காரை 2024 தை மாதத்தில் நமக்கு விற்றார். மகளின் நிக்காஹ் செலவுக்காகவே விற்கிறார் என்பது நமக்குத் தெரியும். உறவுக்குள் நடந்த விற்பனையாதலால் பேரம் எதுவும் பேசவில்லை.

இரண்டு மாதங்கள் வண்டி நீரில் ஓடம்போல் சென்றது. நோன்பின் கடைசிப் பத்தில், தஞ்சையிலிருந்து வடுவூர் வழியாக மன்னார்குடிக்குப் போய்த் திரும்பிய மறுநாள்தான் தொல்லை தொடங்கிற்று. அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் காலடியில் ஓர் அதிர்வு. கூடவே அடியிலிருந்து ஓர் இரைச்சல். வேகம் கூடக் கூட அவையும் கூடின.

முதலில் காட்டிய பட்டறையில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர் பெட்டி போய்விட்டது, ஒன்றரை லட்சம் ஆகும் என்றார்கள். இது ஒரே நாளில் வருகின்ற கோளாறு அன்று, வெகுநாளாகவே இருந்திருக்கும் என்றும் சொன்னார்கள். பணத்தைவிட அந்தச் சொல்லே நெஞ்சில் தைத்தது.

அன்றிரவே மச்சானைத் தொலைபேசியில் அழைத்தோம். விற்கும் பொருளின் குறையை மறைக்கலாகாது என்ற மார்க்க நெறியை அவருக்கே எடுத்துரைத்தோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "வண்டியை அனுப்பிவிடுங்கள் மச்சான். கொஞ்சம் தவணை கொடுங்கள், பணத்தைத் தந்துவிடுகிறேன்" என்றார். அந்த அடக்கத்தைக் குற்றத்தின் ஒப்புதலாகவே நாம் எடுத்துக்கொண்டோம். பெருநாளன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. நம் துணைவியார் அன்று முழுவதும் நம்மோடு பேசவில்லை.

பெருநாள் கழிந்தபின், நண்பர் ஒருவர் தஞ்சையில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் அழைத்துச் சென்றார். நாம் கதையைத் தொடங்கியதுமே அவர் கையமர்த்தினார். "சத்தம் எங்கே கேட்கிறது என்பது இருக்கட்டும் பாய். அது எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பார்ப்போம்" என்றார்.

இவ்வகை வண்டிகளில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இருப்பது டார்க் கன்வெர்ட்டர். கப்பல்களுக்காக ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் காப்புரிமை பெற்ற கருத்து அது. எஞ்சின் சுழற்றும் ஒரு சக்கரம் எண்ணெயை வீசுகிறது. அந்த எண்ணெயின் வேகத்தில் எதிரேயுள்ள சக்கரம் சுழல்கிறது. திரும்பி வரும் எண்ணெயை, கல்லணை காவிரி நீரைத் திருப்பிவிடுவதுபோல், நடுவிலுள்ள மூன்றாவது சக்கரம் உகந்த திசைக்குத் திருப்பிவிடுகிறது. வண்டி சீரான வேகத்தை எட்டியதும், எரிபொருள் வீணாகாதிருக்க, உள்ளேயிருக்கும் ஒரு கிளச் இரு பக்கங்களையும் இறுகப் பூட்டிவிடும். அந்தப் பூட்டு தேய்ந்தாலும் அதிர்வு வரும்.

முதியவர் முதலில் கியர் எண்ணெயில் சில துளிகளை வெள்ளைத் தாளில் விட்டார். சிவப்பு மாறவில்லை, கருகிய வாடையோ உலோகத் துகளின் மினுமினுப்போ இல்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியாயின் நீர் புகுந்து எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளிறியிருக்கும், அதுவும் இல்லை. அடுத்து, வண்டியை நிறுத்தியபடியே எஞ்சினை உறுமவிட்டார். அதிர்வு இல்லை. ஆகவே எஞ்சினும் அதைத் தாங்கும் ரப்பர்களும் குற்றமற்றவை.

பின்பு ஆளரவமற்ற நேர்ச்சாலைக்குச் சென்றோம். அறுபதில் வேகத்தை நிலைநிறுத்தி, கையால் கியரை நான்கிலும் ஐந்திலும் மாற்றிக் காட்டினார். எஞ்சினின் சுற்று ஏறி இறங்கியது. இரைச்சல் இம்மியும் மாறவில்லை. ஆக்ஸிலரேட்டரை விடாமலே பிரேக்கை இலேசாகத் தொட்டார். அப்போது உள்ளே பூட்டு விடுபட்டு ஆர்.பி.எம். முள் சற்றே எழுந்தது. பூட்டு பழுதாயிருப்பின் அக்கணமே அதிர்வு நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. நியூட்ரலில் விட்டு வண்டியைத் தானே உருளவிட்டார். அப்போதும் இரைச்சல் இருந்தது. இடமும் வலமுமாக மெல்ல வளைத்தார். சக்கர பேரிங் தேய்ந்திருந்தால், பாரம் பக்கம் மாறும்போது ஒலியும் மாறும், மாறவில்லை.

"இது எஞ்சினோடு போகவில்லை, கியரோடும் போகவில்லை. சக்கரத்தோடு போகிறது. கியர் பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது" என்றார்.

வண்டியை உயர்த்தியதும் காரணம் கண்ணெதிரே தொங்கிற்று. கியர் பெட்டியிலிருந்து வலச் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் ஆக்ஸிலில், காய்ந்த உளுந்துக்கொடி கயிறு திரித்தாற்போல் இறுகச் சுற்றியிருந்தது. இணைப்பின் ரப்பர் உறையைக் கிழித்து உள்ளிருந்த கிரீஸையும் அது வெளியேற்றிவிட்டிருந்தது. சம்பா அறுவடைக்குப்பின் வயலின் எஞ்சிய ஈரத்திலேயே உளுந்தும் பயறும் விளைவிப்பது நம் டெல்டாவின் வழக்கம். பங்குனி, சித்திரையில் செடியைப் பிடுங்கிச் சாலையில் பரப்புவார்கள். போகின்ற வண்டிகளே அதை மிதித்து மணியை உதிர்த்துவிடும். வடுவூர்ச் சாலையில் அப்படிப்பட்ட விரிப்புகளின்மீது நாமும் ஏறிச் சென்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கொடியை அறுத்தெடுத்துப் புது உறையும் கிரீஸும் இட, சில ஆயிரங்களோடு முடிந்தது. கியர் பெட்டியில் கை வைக்கவே தேவை ஏற்படவில்லை.

குறையை மறைத்து விற்கலாகாது என்ற நெறியை நினைவில் வைத்திருந்த நாம், ஆதாரமற்ற சந்தேகத்தை விலக்கச் சொன்ன நெறியை எப்படி மறந்தோம்? முதியவர் எண்ணெயை ஒரு துளி பார்க்காமல் கியர் பெட்டிமீது பழி சொல்லவில்லை. நாமோ, யாரோ சொன்ன ஒரு வார்த்தையைக் கொண்டு இருபதாண்டு உறவைக் குற்றவாளியாக்கிவிட்டோம்.

மறுநாள் அஸருக்குப்பின் கூத்தாநல்லூர் சென்றோம். நம் துணைவியார் உடன் வந்தார். அந்தக் கொடிச் சுருளையும் எடுத்துச் சென்றிருந்தோம். வாசலுக்கு வந்த மச்சான் அதைப் பார்க்குமுன்னே, "முழங்கால் எப்படி இருக்கிறது மச்சான்?" என்று கேட்டார். நாம் ஒத்திகை பார்த்துச் சென்ற வார்த்தைகளுள் ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் கையைப் பற்றிக்கொண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

பணத்தைத் திருப்பித் தருவதற்காகத் தம் மனைவியின் வளையல்களை அடகுக்கென்று அவர் எடுத்து வைத்திருந்ததை, திரும்பும் வழியில்தான் நம் துணைவியார் சொன்னார். மன்னார்குடி தாண்டியதும் சாலையில் மறுபடியும் உளுந்துச் செடி விரித்திருந்தார்கள். வண்டியை மெதுவாக ஒதுக்கி, விரிப்பின் ஓரமாகவே ஓட்டி வந்தோம்.