முட்டிடிச்சானுக்கு அப்பால்

நன்றாக நடக்கத் தெரிந்தவர்கள்தான் அகத்தியகூடத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள். வெள்ளியங்கிரி, சதுரகிரி, பர்வதமலை என்று வருஷம் தவறாமல் ஏறுகிற கூட்டம் எங்களுடையது. காலில் வலு உண்டு, மூச்சும் பழகிவிட்டது. அகத்தியகூடச் சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர் என்றதும், "ஊட்டியை விடக் குறைச்சல்தானே" என்றார் உடன் வந்த ஒருவர். கணக்கு சரிதான். ஆனால் ஊட்டிக்குப் பஸ் போகும்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போணக்காடு சுமார் 60 கிலோமீட்டர். பாழடைந்த தேயிலைத் தோட்டத்துக்கு அப்பால் வனத்துறைச் சாவடி. பெரும்பாலும் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடியும் வரைதான் அனுமதி. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு. இணையத்தில் பதிவு திறந்த கொஞ்ச நேரத்தில் இடம் தீர்ந்துவிடும். மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள், பையைக் கொட்டிப் பிளாஸ்டிக் தேடுகிறார்கள். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடுவதில்லை. போக வர மூன்று நாள், இரண்டு ராத்திரி.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி காணிக்காரர், அதாவது இந்த மலையின் காணிப் பழங்குடியைச் சேர்ந்தவர். ஐம்பது வயதிருக்கும். அவர் பேசியதில் எது தமிழ், எது மலையாளம் என்று பிரிக்க முடியவில்லை. பிரிக்கத் தேவையும் இருக்கவில்லை. முதல் நாள் கரமனையாறு, அட்டையாறு என்று ஓடைகளைத் தாண்டி, வெயில் காயும் புல்மேட்டில் ஏறி, ஏழுமடக்கு ஏற்றமும் முட்டிடிச்சான் ஏற்றமும் முடித்து அதிருமலை முகாமுக்குச் சேர்ந்தோம். அதுவரை எங்கள் கால்களுக்குத் தெரிந்த வேலைதான். முகாமில் கஞ்சியும் பயறும் கிடைத்தன. அந்த நேரத்துக்கு அதைவிட நல்ல சாப்பாடு இருக்க முடியாது.

மலையேற்றம் மறுநாள்தான் ஆரம்பிக்கிறது. பொங்காலைப் பாறையைத் தாண்டிக் குட்டை மரங்களுக்குள் ஏறினால் சரிவான மொட்டைப் பாறைகள். அங்கங்கே கயிறு கட்டி விட்டிருக்கிறார்கள். கயிற்றைப் பார்த்தவுடன் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி எல்லாரும் கையால் இழுத்து ஏறப் பார்த்தோம். வழிகாட்டி நிறுத்திவிட்டார். "கயிறு சும்மா ஒரு தைரியத்துக்கு, சாரே. பாரம் காலில நிக்கட்டும்."

இதற்குப் பின்னால் எளிமையான இயற்பியல் இருக்கிறது. பயத்தில் உடம்பு பாறையோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அப்போது எடை பாதத்தை நேராக அழுத்தாது. பாதத்தைக் கீழ்நோக்கித் தள்ளும். பிடிமானம் குறைந்து செருப்பு வழுக்கும். இடுப்பைப் பாறையிலிருந்து கொஞ்சம் விலக்கி நிமிர்ந்தால் எடை உள்ளங்காலில் இறங்கும். குதிகாலைத் தாழ்த்தினால் அடிப்பாகம் முழுதும் பாறையில் படியும். அடி சின்னதாக இருக்க வேண்டும். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நகரலாம். மற்ற மூன்றும் பிடித்திருக்க வேண்டும். மலையேற்றப் பள்ளிகளில் பாறைப் பாடம் தொடங்குவதும் இங்கேதான். காணிக்காரர் இதையெல்லாம் விளக்கவில்லை. எங்களுக்கு முன்னால் தேய்ந்த ரப்பர் செருப்போடு கயிற்றைத் தொடாமல் நாலடி ஏறி, திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான் வகுப்பு.

உச்சியில் அகத்தியர் சிலை இருக்கிறது. தமிழர்கள் பொதிகை என்று கும்பிடுகிற மலை இது. தாமிரபரணி இந்த மலைத்தொடரில்தான் பிறக்கிறது. அகத்தியர் பிரம்மச்சாரி என்று காணி மக்கள் நம்புகிறார்கள். அதனால் பெண்கள் ஏறுவதை எதிர்த்தார்கள். நம் புராணங்களிலோ அவர் லோபாமுத்திரையின் கணவர்! 2018-இல் கேரள உயர் நீதிமன்றம் பெண்களுக்கு இருந்த தடையை நீக்கியது. அடுத்த ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் ஏறினார். எங்கள் குழுவிலும் ஒரு பெண் இருந்தாள், எல்லாரிலும் இளையவள். பாறையில் எங்களை விட நன்றாகவும் ஏறினாள்.

சிகரத்தில் காற்று ஆளைத் தள்ளியது. இதே இடத்தில் 1855-இல் ஜான் ஆலன் புரௌன் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார் என்பதை நம்பக் கஷ்டமாக இருந்தது. திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகத்துக்கு இயக்குநர் அவர். காந்த ஊசி திருவனந்தபுரத்தில் அசைவதும் மலை உச்சியில் அசைவதும் ஒன்றுபோலத்தானா என்று பார்க்க இவ்வளவு பாடு. அவர் பெயர் அறிவியல் வரலாற்றில் இருக்கிறது. மரத்தையும் கருவிகளையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தவர்களின் பெயர்கள் இல்லை.

வழிகாட்டிகளுக்குப் பெயரும் பணமும் கிடைத்த அபூர்வமான கதையும் இதே காட்டில்தான் நடந்தது. 1987-இல் காணி வழிகாட்டிகளோடு இங்கே நடந்த விஞ்ஞானிகள் களைத்துப்போனார்கள், வழிகாட்டிகள் களைக்கவில்லை. அவர்கள் வழியில் மென்று தின்ற பழம் ஆரோக்கியப்பச்சை என்ற செடியினுடையது. பாலோட்டிலுள்ள தாவரவியல் நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் உரிமத்தைக் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்குக் கொடுத்தபோது, உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடாயிற்று. அந்தப் பழத்தைப் பற்றி எங்கள் வழிகாட்டியிடம் கேட்டேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

இறங்குவதுதான் கஷ்டம். ஏறும்போது பாறை கண்ணெதிரே இருக்கும். இறங்கும்போது பள்ளம்தான் தெரியும். செங்குத்தான இடங்களில் பாறையைப் பார்த்தபடி பின்னோக்கி இறங்கச் சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மேகம் ஏறிப் பாறை நனைந்ததும் எல்லாரையும் ஓரிடத்தில் உட்கார வைத்தார். மழை இல்லையே என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். பதில் வரவில்லை, எழுந்திருக்க அனுமதியும் வரவில்லை. காய்ந்த பிறகுதான் இறங்கினோம். நடைப்பயணத்தில் எப்போது நிற்பது என்று நாமே முடிவு செய்யலாம். கயிறு கட்டிய மலையில் அந்த உரிமையை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. வயது ஏற ஏற இது கடினம்.

அகத்தியகூடம் முழு மலையேற்றம் ஆகாது. பனி இல்லை, மூச்சுத் திணறும் உயரம் இல்லை, இடுப்பில் கயிறு கட்டுவதில்லை. அதற்கெல்லாம் 1954-இல் தொடங்கிய டார்ஜிலிங் பள்ளிக்கோ 1965-இல் தொடங்கிய உத்தரகாசிப் பள்ளிக்கோதான் போக வேண்டும். அடிப்படைப் பயிற்சி நான்கு வாரம் போல. பாறையில் ஏறுவது, முடிச்சுப் போடுவது, பனிக்கோடரியால் சறுக்கலை நிறுத்துவது எல்லாம் சொல்லித்தருகிறார்கள். அங்கேயும் மலை யாருக்கும் உத்தரவாதம் தருவதில்லை. 2022 அக்டோபரில் திரௌபதி கா டாண்டாவில் பனிச்சரிவு உத்தரகாசிப் பள்ளிக் குழுவில் இருபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது.

எங்கள் குழுவின் இளையவள் உத்தரகாசிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். வீட்டில் அந்தப் பனிச்சரிவுச் செய்தியை யாரோ எடுத்துக் காட்ட, அம்மா சம்மதிக்க ஒரு மாதம் ஆனதாம். இப்போது மணல் நிரப்பிய பையைச் சுமந்துகொண்டு தினமும் மாடிப்படி ஏறி இறங்குகிறாள். அங்கே மூட்டையை அவளேதான் தூக்க வேண்டும்.