ஆடும் சில்லு

என்னுடைய பழைய மொரிஸ் மைனர் கல்முனை வீதியில் ஒருபக்கமாக இழுக்கத் தொடங்கியது. எலைன்மென்ட் பார்க்குமாறு நண்பர்கள் கூறினர். சம்மாந்துறைக் கராஜ் தம்பியோ முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தினார். சில்லை மேலும் கீழும் பிடித்து அசைத்தார், ஆடியது. இடமும் வலமும் அசைத்தார், ஆடவில்லை. பிரேக்கை மிதிக்கச் சொன்னார், ஆட்டம் நிற்கவில்லை.

"பெயரிங் இல்ல சேர், கீழ் ட்ரனியன் தேஞ்சிருக்கு."

திருகுப் புரியில் தாங்கும் மூட்டு அது. கிறீஸ் வற்றினால் புரி தேயும். ஒருநாள் கழன்று, சில்லு மடிந்துவிடும். அதுவும் பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான்.

இந்த மாதிரிக் காரின் உற்பத்தி 1971இல் நின்றது. 2020 முதல் 2025 தொடக்கம்வரை கார் இறக்குமதியும் இலங்கையில் நின்றிருந்தது. பழையவற்றைப் பேணியே ஓடினோம். தேய்ந்த மூட்டின்மீது செய்யும் எலைன்மென்ட் வீண்செலவு மட்டுமன்று. ஆபத்தை மறைக்கும் திரையுமாகும்.