அக்கா வீட்டு வாட்டர் ஃபில்டர்

பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். மளிகைக்கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். ஒரு தராசு, நாலு டின், கூரையிலிருந்து தொங்கும் வாழைத்தார், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட பற்று நோட்டு. அவ்வளவுதான்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள். கொட்டையின் எண்ணெய் பட்டு அவர்களுடைய விரல்கள் கறுத்துப்போயிருக்கும். கூலி சனிக்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வரும். ஆனால், வயிறு தினமும் பசிக்குமே! அதனால் அப்பா எல்லாவற்றையும் சின்னதாக்கி விற்பார். நீளமான பார் சோப்பை நூல் வைத்து அறுத்துத் துண்டு போடுவார். டீத்தூளைப் பழைய பேப்பரில் பொட்டலம் கட்டுவார். ஐம்பது காசுக்கு எண்ணெய் கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்.

ஒருநாள் கேட்டேன். "ஏம்ப்பா, முழு சோப்பா வாங்கினா அவங்களுக்குத்தானே லாபம்?"

"லாபம்தான். அதுக்கு முழுக் காசும் ஒரே நேரத்துல கையில இருக்கணுமேம்மா."

அந்த வயதில் எனக்கு அது பெரிதாகப் புரியவில்லை.

கடையில் ஷாம்பு பாட்டில் ஒன்றே ஒன்று உண்டு. தூசி படிந்து கிடக்கும். வாங்க ஆளில்லை. பிறகுதான் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகள் வந்தன. அதற்கு வழிபோட்டவர் எங்கள் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். பாட்டிலில் வருவதைப் பாக்கெட்டில் அடைத்தால் கூலிக்காரரும் வாங்குவார் என்று யோசித்தவர். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயை முதலாகப் போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார். அப்பாவின் பெயரைச் சுருக்கித்தான் 'சிக்' ஷாம்பு என்று பெயர் வைத்தார். காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். அந்தக் கம்பெனிதான் பிற்பாடு கெவின்கேர் ஆனது.

"நான் சோப்பை அறுத்து வித்தேன். அவங்க ஷாம்புவை அறுத்து விக்கிறாங்க" என்று அப்பா சிரிப்பார்.

நான் படித்து, ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் சேர்ந்தேன். 2004-ல் பேராசிரியர் சி.கே.பிரகலாத்தின் புத்தகம் வெளிவந்தது. கோயம்புத்தூரில் பிறந்து, அமெரிக்காவில் நிர்வாகவியல் கற்பித்தவர். பிரமிடின் அடித்தட்டில் இருக்கும் 400 கோடி ஏழைகளை இரக்கத்துக்கு உரியவர்களாகப் பார்க்காதீர்கள், வாடிக்கையாளர்களாகப் பாருங்கள். அவர்களுக்கும் பயன், உங்களுக்கும் லாபம் என்பது அவருடைய வாதம். எங்கள் மீட்டிங்குகளில் அந்தப் பெயர் அடிபடாத நாளே இல்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை. இதைத்தானே எங்கப்பா காலம் காலமாகச் செய்துகொண்டிருக்கிறார்!

அந்த வேகத்தில்தான் எங்கள் கம்பெனி, கிராமத்துக்கென்று ஒரு வாட்டர் ஃபில்டர் கொண்டுவந்தது. கரன்ட் வேண்டாம். விலை 1,200 ரூபாய். வாரம் 50 ரூபாய் தவணை. முதலில் எங்கள் ஊரிலேயே விற்கலாம் என்று யோசனை சொன்னதே நான்தான். வசூல் பொறுப்பு அப்பாவுக்கு.

முதல் ஆளாக வாங்கியவர் முந்திரி அக்கா. என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். கடைக்கு வரும்போதெல்லாம் மடியிலிருந்து இரண்டு பருப்பு எடுத்துக் கொடுப்பார். அதனால் எனக்கு அவர் முந்திரி அக்கா. "பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வாங்கினார். அவர் வாங்கியதைப் பார்த்து நாற்பது வீடுகள் வாங்கின. ஒரு வாரம்கூடத் தவணை தவறவில்லை. ஏழைகளிடம் வசூல் ஆகுமா என்று சந்தேகப்பட்ட என் மேலதிகாரி என்னைப் பாராட்டினார்.

ஆறு மாதம் கழித்துப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அக்கா வீட்டில் ஃபில்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே ரேஷன் அரிசி.

"தண்ணி சொட்ட மாட்டேங்குது பாப்பா. எலி ஏறாம இருக்கட்டும்னு அரிசியைப் போட்டு வெச்சேன்" என்றார், ஏதோ தன்மீதுதான் தப்பு என்பதுபோல.

எங்கள் ஊர்த் தண்ணீரில் செம்மண் கலங்கல் அதிகம். ஒரு வருடம் உழைக்கும் என்று நாங்கள் சொன்ன கேண்டில், நாலே மாதத்தில் அடைத்துக்கொண்டது. புதுக் கேண்டில் 90 ரூபாய். அது கிடைப்பதோ கடலூரில். பஸ் செலவு, அரைநாள் கூலி இழப்பு எல்லாம் சேர்த்தால் 90 ரூபாய்ப் பொருள் 200 ரூபாய் ஆகிவிடுகிறது. யார் போவார்கள்?

அப்பா ரொம்பக் கோபப்படுகிறவர் இல்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது மட்டும் சொன்னார். "விலையைக் குறைக்கணும்னு யோசிச்சீங்க. வாரம் வாரம் வாங்கணும்னு யோசிச்சீங்க. கேண்டில் எங்க கெடைக்கும்னு யோசிச்சீங்களா? பத்து கேண்டிலை என் கடையில வெச்சிருந்தா முடிஞ்சிருக்குமே. எனக்கும் ரெண்டு காசு கெடைச்சிருக்கும்."

அலுவலகத்துக்கு எழுதினேன். சின்னக் கடைகளுக்கு நேரடியாக அனுப்புவது கட்டுப்படியாகாது என்று பதில் வந்தது. அடுத்த வருடம் அந்த ஃபில்டரையே நிறுத்திவிட்டார்கள். 'கிராம மார்க்கெட் இன்னும் தயாராகவில்லை' என்று ஓர் அறிக்கை போனது. அதை எழுதியவள் நான்தான். தவறாமல் தவணை கட்டிய நாற்பது வீடுகளைப் பற்றி, தயாராக இல்லாதவர்கள் என்று எழுதினேன். இன்றும் உறுத்துகிற வரி அது.

இரண்டு வருடம் கழித்து அக்காவுக்குக் கண் மங்கியது. உடைக்கிற கொட்டையில் பருப்பு எது, ஓடு எது என்று தெரியவில்லை. பருப்பு நொறுங்கினால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். புரை விழுந்திருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்கு அப்பா கூட்டிப்போனார். அங்கிருந்தே பஸ்ஸில் ஏற்றி, புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்கள். ஆபரேஷன், சாப்பாடு, தங்கல் எல்லாம் முடிந்து, அதேபோல் பஸ்ஸில் கொண்டுவந்து விட்டார்கள். பஸ்ஸில் போன எல்லோரும் ஒரே மாதிரிக் கஷ்டக்காரர்கள். ஒருவருக்கொருவர் துணை.

அதன் பிறகுதான் அரவிந்தின் கதையைத் தேடிப் படித்தேன். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி.வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. ஆரம்பத்தில், ஆபரேஷன் இலவசம் என்றபோதும் பலர் வரவில்லையாம். ஏன் என்று விசாரித்திருக்கிறார்கள். பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, கூலி இழப்பு, துணைக்கு ஆள் இல்லாமை என்று காரணங்கள் வந்தன. பிறகு பஸ்ஸும் சாப்பாடும் சிகிச்சையின் பகுதியாகவே ஆகிவிட்டன.

படித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். எங்கள் கேண்டில் கதையேதான்! அவர்கள், வராதவர்களிடம் போய் ஏன் என்று கேட்டார்கள். நாங்கள் அறிக்கை எழுதினோம்.

அரவிந்த் லாபத்துக்காக நடப்பதில்லை, அது ஓர் அறக்கட்டளை. ஆனாலும், நன்கொடையை நம்பி நாளை ஓட்டுவதில்லை. வசதியுள்ளவர்கள் கட்டும் கட்டணத்தில்தான் இல்லாதவர்களின் சிகிச்சையும் நடக்கிறது. அறைதான் வேறே தவிர, டாக்டர்கள் அதே டாக்டர்கள். ஒரு டாக்டர் ஒருவருக்கு ஆபரேஷன் செய்யும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயார் செய்துவிடுகிறார்கள். அவர் நேரம் வீணாவதே இல்லை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை அதிக விலை கொடுத்து வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்தபோது, 1992-ல் ஆரோலேப் என்று சொந்தமாகவே தொடங்கி, மிகக் குறைந்த விலையில் தயாரித்தார்கள். இன்று அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. உதவிக்கு நிற்கிற பணியாளர்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள்.

இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஏழைகளுக்கு விற்றால் மட்டும் போதாது. அந்த வியாபாரத்தில் அவர்களுக்கும் ஒரு வருமானம் இருக்க வேண்டும். நம் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம், தன் நாப்கின் இயந்திரத்தைப் பெரிய கம்பெனிக்கு விற்றுவிடாமல் மகளிர் குழுக்களுக்குக் கொடுத்தாரே, அங்கே விற்பவரும் அதே ஊர்ப் பெண், வாங்குபவரும் அதே ஊர்ப் பெண். எங்கள் ஃபில்டரில், அப்பா கடையில் பத்து கேண்டில் இருந்திருந்தால் அவருக்கும் ரெண்டு காசு, கம்பெனிக்கும் வருடா வருடம் விற்பனை. கட்டுப்படியாகாது என்றார்களே, கணக்குப் போட்டுப் பார்த்தாவது சொன்னார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சின்னப் பாக்கெட்டையும் முழுதாகப் புகழ என்னால் முடியவில்லை. எங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போனால் தெரியும். அன்றைக்குக் காலிப் பாக்கெட்டுக்கு இலவசம் கொடுத்தார்கள். இன்றைக்கு அதைத் திரும்ப வாங்க ஆளில்லை. மலிவாக விற்றதில் நாம் கணக்கில் சேர்க்காத செலவு அது.

கண் ஆபரேஷன் முடிந்து வந்த அக்காவைப் பார்க்கப் போனேன். ஃபில்டருக்குக் கட்டிய 1,200 ரூபாயை ஒரு கவரில் போட்டு எடுத்துப்போனேன். வாசலில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் முகத்தை நெருங்கிவந்து பார்த்தார்.

"உனக்கு நரைச்சிடுச்சே பாப்பா" என்றார்.

கவரை நீட்டினேன். என்ன என்று சொன்னதும் கையை விலக்கிக்கொண்டார்.

"எதுக்கு? நாலு மாசம் நல்ல தண்ணி குடிச்சோம். அப்புறம் அரிசி இருக்குது." ஒரு கொட்டையை உடைத்து, நொறுங்காத முழுப் பருப்பாக என் கையில் வைத்தார். "அடுத்த வாட்டி எதையாச்சும் விக்க வர்றதுக்கு முன்னால, என்னை ஒரு வார்த்தை கேளு."