குருதியும் கடைசிப் பந்தியும்

ஏழு மாதக் கருவைச் சுமந்து தாய்வீடு வந்த நம் மகளைக் கண்ட வரிச்சிக்குடிப் பெண்மணிகள், "பிள்ளை நல்ல நிறம் பிடித்திருக்கிறாள்" என்று மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம். மறுவாரம் காரைக்காலில் இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 8 கிராம் என்று வந்தது. கருவுற்றவளுக்கு 11 கிராமேனும் வேண்டும். நிறமென நாம் கண்டது சோகையின் வெளுப்பு!

அன்றிரவே சிவப்பணுவைப் பற்றிப் படிக்க அமர்ந்தோம். மாவு உருண்டையை இரு விரல்களிடையே அமுக்கினாற்போல, விளிம்பு தடித்து நடுவே இருபுறமும் குழிந்த தட்டு அது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஏழெட்டுக் கூறே அதன் குறுக்களவு. தன்னினும் ஒடுங்கிய நுண்குழாய்க்குள்ளும் வளைந்து நெளிந்து புகுந்துவிடும். முதிரும்போது தன் உட்கருவையே வெளியே தள்ளிவிட்டு, அவ்விடத்தையும் ஹீமோகுளோபினுக்கு ஒதுக்குகிறது. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பே நுரையீரலில் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வது. உட்கரு இழந்த அணு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இயலாது. ஏறத்தாழ 120 நாளில் அதன் வாழ்வு முடிகிறது. எலும்பு மஜ்ஜையோ நொடிக்குச் சுமார் இருபது இலட்சம் புதிய அணுக்களை ஈன்றபடி இருக்கிறது. மடிந்த அணுவின் இரும்பை உடல் வீணாக்காமல் மீண்டும் எடுத்துக்கொள்ளும். (நம் வீட்டுச் சிக்கனம் அதனிடம் தோற்றது.) ஆயினும் வயிற்றில் ஓர் உயிர் தன் பங்கைக் கேட்கும்போது அந்தச் சேமிப்புப் போதாது, உணவிலிருந்து புதிதாக வந்தாக வேண்டும்.

படித்துச் செல்கையில் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவப் பெண்மணி எதிர்ப்பட்டார். 1928-இல் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்தவர். அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. இரும்புக் குறைவெனில் அணு சிறுத்து வெளுக்கும்; இது வேறு. ஈஸ்ட்டின் சாறாகிய மார்மைட்டைக் கொடுத்ததும் தேறினர். 1931-இல் அதனை வெளியிட்டார். அவர்களைத் தேற்றிய பொருளே ஃபோலிக் அமிலம் என்பது பின்னர்த் தெளிந்தது. 1941-இல் பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் பெயரிட்டனர்.

அவர் கண்டவற்றுள் ஒன்று நம்மை உறங்கவிடவில்லை. அப்பெண்களுள் மிகக் குறைபட்ட உணவு உண்டவர்களும், இச்சோகைக்கு மிகுதியும் ஆளானவர்களும் ஏழை முஸ்லிம் பெண்களே!

நாம் ஏழைகள் அல்லோம். ஆயினும் ஆண்கள் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டு எழுந்த பின்னரே நம் வீட்டுப் பெண்கள் அடுப்படியில் உண்பர். மீனின் நடுத்துண்டும் கறியும் நம் பக்கம். மகளுக்கு எஞ்சியது ஆணமும் சோறும். இருபது ஆண்டுகளாக அதை நாம் கவனித்ததே இல்லை.

மருத்துவர் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை தந்து, தேநீரோடு விழுங்கலாகாது என்றார். மறுநாள் பகலில் சஹனை அடுப்படிக்கே எடுத்துச் சென்றோம். "வாப்பா, நீங்கள் முதலில்..." என்று மகள் எழுந்துவிட்டாள். அவளை அமர்த்திப் பரிமாறுவதற்குள் முருங்கைக்கீரை ஆறிப்போயிற்று. அவள் உம்மா மட்டும் இன்னும் அமரவில்லை.