காலியாக விடும் கட்டங்கள்

தரமணியில் ஒரு சிறிய அலுவலகம். ரிஸ்க்-ஃபைவ் செயலிகளுக்கு, இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுவது இங்கே தொழில். மேசை மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, அதிலிருந்து சீரியல் கேபிள், பக்கத்தில் எழுத்துகள் ஓடும் கறுப்புத் திரை. நான் போன அன்று பேஜ் டேபிள் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. குழுவின் மூத்த பொறியாளரை எல்லோரும் அக்கா என்கிறார்கள். குறியீட்டை எழுதுபவர் கல்லூரி முடித்து வந்த இளைஞர்.

நாம் எழுதும் சாதாரண நிரல்கள் மெமரியின் நிஜ முகவரியைப் பார்ப்பதில்லை. நிரல் ஒரு முகவரியைக் கேட்கிறது. செயலி பேஜ் டேபிள் என்ற அட்டவணையின்படி அதை நிஜ முகவரியாக மாற்றிக்கொள்கிறது. அந்த அட்டவணையை எழுதுவது கெர்னல். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னின் குழு 1962-ல் இயக்கிக் காட்டிய அட்லஸ் கணினியிலிருந்தே இப்படி முகவரியை மாற்றும் ஏற்பாடு இருக்கிறது. சிறிய உள் மெமரியையும் பெரிய டிரம் சேமிப்பையும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, நிரலாளருக்கு ஒரே நீண்ட மெமரிபோலக் காட்டினார்கள். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் ஃபோனும் இதையே செய்கிறது.

இங்கே பயன்படுத்துவது எஸ்வி39 என்ற முறை. முகவரி 39 பிட். கடைசி 12 பிட், 4096 பைட் கொண்ட ஒரு பக்கத்துக்குள் எந்த பைட் என்று சொல்லும். மீதி 27 பிட் ஒன்பது ஒன்பதாகப் பிரிந்து, ரூட்டில் தொடங்கும் மூன்று நிலை அட்டவணைகளுக்கு வழி காட்டும். ஒவ்வொரு அட்டவணையிலும் 512 கட்டங்கள், ஒவ்வொன்றும் 8 பைட். ஆக, அட்டவணையும் சரியாக ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது. இந்தக் கணக்கின் அழகை அக்கா பலகையில் எழுதிக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை.

“கெர்னல் எங்க இருக்கு?” என்றார் அக்கா.

“எட்டு, அப்புறம் ஏழு ஜீரோ. பதினாறடிமானத்துல.”

“எந்த ஸ்லாட்?”

“ரூட்ல ரெண்டு. மீதி ரெண்டு லெவலும் ஜீரோ, அக்கா.”

“யூஆர்ட்?” சீரியல் கேபிள் வழியாகத் திரைக்கு எழுத்து அனுப்பும் சாதனத்தைக் கேட்டார்.

“ஒண்ணு, ஏழு ஜீரோ. ரூட்ல ஜீரோ, அடுத்ததுல 128, கடைசில ஜீரோ.”

காகிதம் எதுவும் தேவைப்படவில்லை. முகவரியைக் கேட்டதும் கட்டம் நாவில் வருகிறது. இதுதான் இவர்கள் கைத்திறன்.

இந்த வேலையில் எல்லோரும் பயப்படும் இடம் ஒரே ஒரு கட்டளை. ரூட் அட்டவணையின் முகவரியை எஸ்ஏடிபி என்ற ரெஜிஸ்டரில் எழுதியதும் மொழிபெயர்ப்பு தொடங்கிவிடும். அதற்கு அடுத்த கட்டளையையே செயலி புதிய அட்டவணை வழியாகத்தான் எடுக்கும். அங்கே அந்த முகவரிக்கு இடம் இல்லையென்றால் கெர்னல் தன் காலடியைத் தானே இழந்துவிடும். அதனால் எம்ஐடி மாணவர்களுக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 போன்ற கெர்னல்கள் மெய்நிகர் முகவரியும் நிஜ முகவரியும் ஒன்றாகவே இருக்கும்படி தங்களை மேப் செய்துகொள்கின்றன. லினக்ஸ் துணிச்சலான வேறு வழி எடுக்கிறது. ஃபால்ட் வந்தால் போக வேண்டிய இடமாகப் புதிய முகவரியை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு எஸ்ஏடிபியை மாற்றுகிறது. ஃபால்ட் வந்தே தீரும், வந்ததும் சரியான இடத்தில் போய் நிற்கும். விழுவதையே வழியாக்கிய அந்தச் சில வரி அசெம்பிளியை எழுதியவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இளைஞர் முதல் சோதனைக்கு எளிய வழி எடுத்திருந்தார். ரூட்டின் 2-ஆம் கட்டத்தில் ஒரே பதிவு, ஒரு ஜிபி முழுவதும் மேப். அதன் கடைசி எட்டு பிட் 00001111: பதிவு செல்லும், படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். கணினிக்குள் கணினியைப் போலி செய்யும் க்யூஎமுவில் அது அருமையாக ஓடியது. போர்டில் ஏற்றியதும் திரை அப்படியே நின்றுவிட்டது. ஒரு எழுத்துகூட வரவில்லை.

“ஹேங் ஆயிடுச்சு அக்கா.”

“ஹேங் இல்ல, சுத்திட்டு இருக்கும். ஜிடிபில பாரு.”

டிபக்கர் வழியாகப் பார்த்தால் செயலி ஃபால்ட் கையாளும் குறியீட்டின் முதல் வரியிலேயே நிற்கிறது. காரண எண் 12, அதாவது கட்டளையை எடுக்கும்போது பேஜ் ஃபால்ட். அக்கா அந்த எட்டு பிட்டுகளை மட்டும் உற்றுப் பார்த்தார். “ஏ, டி ரெண்டும் ஜீரோ.” பக்கம் தொடப்பட்டதா, எழுதப்பட்டதா என்று குறிக்கும் பிட்டுகள் அவை. சில செயலிகள் அவற்றைத் தாமே போட்டுக்கொள்ளும். சில, ‘நீ போடு’ என்று ஃபால்ட் எழுப்பும். ரிஸ்க்-ஃபைவ் விதிப்படி இரண்டும் சரியே. இந்த போர்டு இரண்டாம் வகை. முதல் கட்டளைக்கே ஃபால்ட், அதைக் கையாளும் குறியீடும் அதே ஒரு ஜிபிக்குள் இருப்பதால் அதற்கும் ஃபால்ட், முடிவில்லாத சுற்று. பதிவை 11001111 என்று மாற்றினார் இளைஞர். மறுபடி அமைதி. இம்முறை யூஆர்ட்டை மேப் செய்யும் வரி அழைக்கப்படவே இல்லை. பிழைச் செய்தியை அச்சிடப் போன குறியீடே இன்னொரு ஃபால்ட்டில் விழுந்திருந்தது. அதையும் சேர்த்தபிறகு திரையில் எழுத்து வந்தது.

வேலை முடிந்ததென்று நினைத்தேன். அக்காவுக்கு அங்கேதான் ஆரம்பம். “ஒரு ஜிபியையும் எழுதலாம், இயக்கலாம்னு விட்டா டேபிள் எதுக்கு? கிழிச்சுப் போட்டுட்டு நாலு கேபி பக்கமா கட்டு.” கெர்னலின் கட்டளைகள் இருக்கும் பக்கங்களுக்கு 01001011: இயக்கலாம், எழுத முடியாது. தரவுப் பக்கங்களுக்கு 11000111: எழுதலாம், இயக்க முடியாது. தேவைப்படாத கட்டங்கள் எல்லாம் சுழியம்.

இந்தத் தொழிலின் முழுத் திறமையும் அந்தச் சுழியங்களில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. லினக்ஸ் போன்ற கெர்னல்கள் பூஜ்ஜிய முகவரிப் பக்கத்தை நிரல்களுக்குத் தராமல் வைத்திருப்பதால்தான் வெற்றுச் சுட்டியைத் தொடும் நிரல் அங்கேயே பிடிபடுகிறது. மேப் செய்துவிட்டு, ‘பயனர் தொடக்கூடாது’ என்று ஒரு பிட் போடுவது போதும் என்று உலகம் பல்லாண்டுகள் நம்பியது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது அந்த நம்பிக்கை உடைந்தது. பல இன்டெல் செயலிகள் அனுமதி பார்த்து முடிப்பதற்குள் ஊகத்தில் முன்னே ஓடி, கெர்னலின் தரவைத் தொட்டுவிட்டுத் திரும்பின. திரும்பியபோது கேஷ் என்ற விரைவு மெமரியில் விட்ட தடயத்தை அளந்து ரகசியத்தைப் படித்துவிட முடிந்தது. லினக்ஸ் செய்த மருத்துவம் அட்டவணையில்தான்: பயனர் நிரல் ஓடும்போது கெர்னலின் பெரும்பகுதி அதன் பேஜ் டேபிளில் இல்லவே இல்லை. கெர்னலுக்குள் போய்வரும் ஒவ்வொரு முறையும் டேபிள் மாற வேண்டியிருந்ததால் வேகம் குறைந்தது. அந்த விலை நியாயமானது என்றே நினைக்கிறேன். தடை போட்ட கதவைவிட, கதவே இல்லாத சுவர் மேல்.

புது டேபிள் எழுந்ததும் இரண்டு சோதனை. முதலில் கெர்னலின் கட்டளைப் பக்கத்தில் வேண்டுமென்றே எழுதிப் பார்த்தார்கள். காரண எண் 15, எழுதும்போது பேஜ் ஃபால்ட், தொட்ட முகவரியோடு திரையில் வந்தது. இரண்டாவது சோதனை, ஃபங்ஷன்கள் தம் தற்காலிகத் தரவை அடுக்கி வைக்கும் ஸ்டாக்குக்கு. அதன் அடியில் ஒரு பக்கத்தை மேப் செய்யாமல் விட்டிருந்தார்கள், ஸ்டாக் நிரம்பி வழிந்தால் அடுத்தவன் தரவை அழிக்காமல் அங்கே இடறி விழ. தன்னைத் தானே அழைத்துக்கொண்டே போகும் ஒரு ஃபங்ஷனை ஓடவிட்டார் இளைஞர். திரை நின்றது, செய்தி வரவில்லை.

“காலிப் பக்கத்துல சரியா விழுந்துச்சு,” என்றார் அக்கா. “ஃபால்ட் ஹேண்ட்லர் ரெஜிஸ்டரை எங்க சேமிக்குது?”

இளைஞர் யோசித்தார். “அதே ஸ்டாக்லதான்.”

“அதான். அதுக்குன்னு தனியா ஒரு சின்ன ஸ்டாக் வேணும். ஹேண்ட்லர் உள்ள வந்ததும் முதல்ல எல்லையைப் பார்க்கட்டும், தாண்டியிருந்தா அதுக்கு மாறட்டும். அந்தச் சின்ன ஸ்டாக்குக்குக் கீழயும் ஒரு பக்கம் விட்டுடு.”

இளைஞர் அசெம்பிளிக் கோப்பைத் திறந்து, ஹேண்ட்லரின் முதல் வரிக்கு மேலே இடம் விட்டு எழுதத் தொடங்கினார்.